மூன்று நாள் தாள்

இந்தாருங்கள் அக்கா, தாராளமாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இது நகல்தான், அசல் டாக்டரின் ஃபைலில் இருக்கிறது. "இந்தத் தாளை இவ்ளோ சுத்தமா யாரும் நிரப்பிக் குடுத்ததில்லம்மா" என்று டாக்டர் அருள்தாஸ் சொன்னார். பெருமைக்குச் சொல்லவில்லை. நேரம், அளவு, அவசரமாக வந்ததா, கசிந்ததா, மூன்று நாளுக்கும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை பாருங்கள்.

உங்களுக்கு மாமனார், இல்லையா? அங்கே மூன்றாவது நாற்காலியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தானே? ஆமாம், இந்தக் கீழ்த்தளத்தில் ஏசி அதிகம். மாமனாரிடம் போய் எத்தனை முறை போனீர்கள், எவ்வளவு போனீர்கள் என்று எப்படிக் கேட்பீர்கள், பாவம். எனக்கு அப்பா. எனக்கே வாய் வரவில்லை.

நான் பொதுவாக யாரிடமும் பேசமாட்டேன். ஒன்றரை மாதமாக இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், டாக்டரிடம்கூட "சரிங்க சார்" தவிர எதுவும் சொன்னதில்லை. நீங்களாக வந்து கேட்டீர்கள். அப்பாவும் உள்ளே போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இன்று கரண்ட், அதுதான் கதிர்வீச்சு, வைக்கும் நாள் இல்லை. எங்கே வைக்க வேண்டும் என்று ஸ்கேனில் பார்த்து, வயிற்றில் புள்ளி குத்தும் நாள். பத்துப் பதினைந்து நிமிடம் என்றார்கள்.

உங்களுக்குக் கரண்ட் இருபது நாள், எங்களுக்கு முப்பத்திரண்டு. வயசானவர் என்று குறைத்துவிட்டார்களோ என்று கேட்டீர்கள். இல்லை அக்கா. நானும் முதலில் அப்படித்தான் பயந்தேன். நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். எம்.எஸ்சி. புள்ளியியல் படித்தேன், கட்டம் போடாமல் எனக்கு எதுவும் புரியாது. இருபது நாளில் ஒவ்வொரு நாளும் வைக்கும் அளவு கூடுதல். முப்பத்திரண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பார்கள். நோயை அடக்குவதில் இருபது ஒன்றும் இளைத்ததில்லை என்று டாக்டரே சொன்னார், நான் படித்தவரைக்கும் அப்படித்தான் இருக்கிறது. வித்தியாசம் நாளில் இல்லை, கூடச் சேர்க்கும் மருந்தில். கரண்ட் மட்டும் வைப்பதைவிட, அந்த நாட்களில் கீமோ மருந்தும் கொஞ்சம் ஏற்றினால் சிறுநீர்ப்பைக்குள் நோய் திரும்பாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை உடம்பு தாங்க வேண்டும், கிட்னி தாங்க வேண்டும். உங்கள் மாமனாருக்குக் கிட்னி கொஞ்சம் சோர்வு என்றீர்களே, அதனால்தான் கரண்ட் மட்டும் என்று சொல்லியிருப்பார்கள். எதற்கும் கேட்டுவிடுங்கள். எது வைத்தாலும் முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு உள்ளே பார்ப்பார்கள். திரும்ப வந்திருந்தால் பையை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த மருந்து விஷயத்தை டாக்டர் சொன்னபோது அப்பா குறுக்கே பேசிவிட்டார். "சாயத்துல உப்புப் போடற மாதிரிங்களா? உப்புப் போட்டாத்தானுங்க நூல்ல சாயம் நல்லா ஏறும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர் பெரிய மனிதர். "அதேதான் மாரப்பன்" என்று சிரித்தார். அப்பா அப்படித்தான், எங்கே போனாலும் சாயப்பட்டறைதான்.

சென்னிமலைப் பக்கம் எங்களுக்கு. அப்பா முப்பத்தொரு வருடம் சாய மாஸ்டர். போர்வைக்கும் துண்டுக்கும் நூல் நனைப்பது. கண் அப்படி. இரண்டு அரக்குச் சிவப்பு நூல்கண்டுகளை முற்றத்துக்கு அந்தப் பக்கம் பிடித்தால்கூட, "எடதுகைல இருக்கறது நேத்தைய தொட்டி" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும் அறையில் கால் கழுவினால் தினம் ஒரு நிறம் ஓடும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை அக்கா. தரையில் சிவப்பாகக் கிடக்கும், சாயம் என்று நினைத்து நான் தண்ணீர் ஊற்றிவிடுவேன். ஆறு மாதம். எனக்குத் தெரியவில்லை, சரி. அப்பாவுக்கும் தெரியவில்லை. டாக்டர் கேட்டபோது, "சாயமுன்னு நெனச்சுட்டனுங்க" என்றார். முப்பத்தொரு வருடம் சிவப்பைப் பார்த்தவர் ரத்தத்தைச் சாயம் என்று நினைத்துவிட்டார். எனக்குத் தேர்வு நடந்த சமயம் வேறு. பாவம், அப்பா கள்ளம் தெரியாதவர்.

யார் அது வெளியே வருவது? அப்பா இல்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீல அட்டை. அப்பாவுடையதும் நீல அட்டைதான். எல்லோருடையதும் நீல அட்டையோ என்னவோ.

எங்கே விட்டேன்? மூன்று வழி சொன்னார் டாக்டர். இரண்டாம் கட்டம்தான், பைச்சுவரின் தசைக்குள் மட்டும் இறங்கியிருக்கிறது, வெளியே போகவில்லை. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தாயிற்று. இனி ஒன்று, பையையே எடுத்துவிட்டு வயிற்றில் வெளியே ஒரு பை ஒட்டுவது. இரண்டு, கரண்ட் மட்டும். மூன்று, கரண்டோடு மருந்து. பின்னால் சொன்ன இரண்டு வழிக்கும் என் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். முதல் வழிக்கு ஒரே வரிதான். "அப்பாவுக்குப் பிடிக்காது."

நீங்கள் பார்ப்பது புரிகிறது. அப்பாவை நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இருபத்து நான்கு வருடமாகப் பார்க்கிற மனிதர். போன மாதம் இதே ஹாலில் ஒருவர் எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், சட்டைக்குள் பை. நடந்தால் லேசாகச் சத்தம் கேட்டது. அப்பாவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நான் எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். அப்பா வரவில்லை. ஒரு மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார், ஒரு விரலால் தொட்டுக்கூடப் பார்த்தார். மரியாதைக்குத்தான். அப்பாவுக்கு முகத்தை முறிக்கத் தெரியாது.

டாக்டர் என்ன சொன்னார் என்றால், "பையக் காப்பாத்தலாம், ஆனா காப்பாத்தற அளவுக்கு அது நல்லா இருக்கான்னு தெரியணும்." அதற்குத்தான் இந்த மூன்று நாள் தாள். நர்ஸ் என்னை மட்டும் கூப்பிட்டு, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையையும் தாளையும் கொடுத்து, "ஒவ்வொரு தடவையும் இதுல பிடிச்சு எவ்ளோன்னு எழுதச் சொல்லுங்க" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

அம்மா இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். அம்மா போனது நான் பத்தாவது படிக்கும்போது. அதிலிருந்து நானும் அப்பாவும்தான். சாப்டீங்களாப்பா, சாப்டேன் கண்ணு. பஸ் எத்தனை மணிக்குப்பா, எட்டு மணிக்குக் கண்ணு. எங்களுக்கு அது போதும். அவரிடம் போய் எந்த வார்த்தையைச் சொல்வது? யூரின் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, ஆஸ்பத்திரி வார்த்தை. ஆனால் வீட்டுக்குள் நின்று சொல்லவேண்டுமே. குவளையைக் குளியலறை ஆணியில் மாட்டிவிட்டேன். தாளின் ஒரு நகலைப் பக்கத்தில் சொருகி வைத்தேன். புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் குவளைக்குள் என்ன இருந்தது தெரியுமா? ஷேவிங் பிரஷ்.

சிரிக்காதீர்கள் அக்கா. சரி, சிரியுங்கள்.

அதற்கு மேல் நான் என்ன செய்வேன்? அடுப்படிக்கும் குளியலறைக்கும் ஒரே சுவர்தான். மிக்சியை நிறுத்திவிட்டு நின்றேன். கதவை எத்தனை முறை சாத்துகிறார் என்று எண்ணினேன். சத்தம் எத்தனை விநாடி என்று எண்ணினேன். விநாடிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வேறு யாராவது இவ்வளவு செய்வார்களா சொல்லுங்கள். முதல் நாள் பதினான்கு முறை வந்தது. அளவோ, ஐம்பது, நாற்பது, அறுபது. அது சரியாக இருக்க முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணினால் பிழை வரத்தானே செய்யும்? மற்றவற்றோடு ஒட்டாமல் விலகி நிற்கும் எண்களை நீக்கிவிடுவது புள்ளியியலில் உண்டு. நீக்கினேன்.

எல்லாமே விலகித்தான் நின்றன.

அதனால் சராசரி மனிதனுக்கு எவ்வளவு இருக்கும் என்று பார்த்து அதை ஒட்டி எழுதினேன். இருநூற்று நாற்பது. முந்நூற்றுப் பத்து. இருநூற்று எழுபத்தைந்து. ஒரு நாளைக்கு ஆறு முறை. முழு எண்களாகப் போட்டால் செயற்கையாகத் தெரியும், அதனால் கொஞ்சம் ஏற்றி இறக்கி. இரண்டாம் நாள் ஓரிடத்தில் "அவசரம், லேசாக" என்றுகூட எழுதினேன். இது பொய் இல்லை அக்கா. மதிப்பீடு. நீங்கள் எழுதுங்கள், ஏன் நிறுத்திவிட்டீர்கள்? டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான், "பை ரொம்ப நல்லா வேல செய்யுது, மூணாவது வழியே போலாம்" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

டாக்டர் உள்ளே ஓடுகிறார். பார்த்தீர்களா? புள்ளி குத்துவதற்கு டாக்டர் வர வேண்டியதில்லை என்றார்களே? அப்பாவுக்கு முன்னால் உள்ளே போன ஒரு பாட்டி பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். வேறு யாருக்காவது இருக்கும். உள்ளே இரண்டு மூன்று அறை இருக்கிறது என்றார்கள்.

என்ன? மாரப்பனா கூப்பிட்டார்கள்?

ஆமாங்க, நான்தான். வர்றனுங்க.

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. நீங்கள் எழுதுங்கள், வந்துவிடுகிறேன்.



வந்துவிட்டேன். இல்லை, அழவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

அப்பா உடை மாற்றிக்கொண்டிருக்கிறார். வருவார். புள்ளி குத்தவில்லை.

உள்ளே ஒரு சின்ன அறை. பச்சை கவுனோடு ஸ்டூலில் அப்பா. டாக்டர் கம்ப்யூட்டரில் ஸ்கேனைக் காட்டினார். ஸ்கேனுக்கு முன்னால் பையைக் காலி செய்துவிட்டு வந்து படுக்கச் சொல்வார்களாம், ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக. "மூணு தடவ போய்ட்டு வரச் சொன்னோம்மா. மூணு தடவையும் பாதி உள்ளயே நிக்குது. பையும் சுருங்கி, சுவர் தடிச்சுப் போச்சு. உங்க தாள்ல இப்படி ஒண்ணுமே இல்லையே?" என்றார். என் தாள் மேசைமேல் இருந்தது. அசல்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "புள்ள மேல தப்பில்லீங்க. நாந்தான் தப்புத்தப்பாச் சொன்னேன்."

அப்பா என்னிடம் ஒரு எண்கூடச் சொன்னதில்லை அக்கா.

"சரி, இப்பவாவது சரியாச் சொல்லுங்க" என்றார் டாக்டர். அப்பா எழுந்து போய், ஆணியில் தொங்கிய தன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். சாயப் பட்டறையில் ஷேடு எழுதும் நோட்டு, அட்டையெல்லாம் நீலம் அப்பியது. அதை என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். தேதி, மணி, மில்லி. பதினான்கு முறை. பதினாறு முறை. நாற்பது, ஐம்பது, அறுபது. அடுப்படியில் நின்று நான் எண்ணியது கிட்டத்தட்ட சரிதான். நான் நீக்கியதெல்லாம்.

"எதுல அளந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"என்ற சாயக் கொவளைலதானுங்க. நீங்க குடுத்ததுல கோடு அம்பது அம்பதா இருக்குது, அதுல என்னங்க தெரியும்? என்ற கொவளைல பத்துப் பத்தா இருக்குது. அந்த பிளாஸ்டிக்க வீணாக்க வேண்டாமுன்னு பிரஷ் போட்டு வெச்சனுங்க."

கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. ஷேடு. வெளிர் மஞ்சள், தேன், இளஞ்சிவப்பு, அரக்கு. டாக்டர் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். சித்திரை மாதத் தேதி. என் கடைசி செமஸ்டரின் முதல் தேர்வு அன்று. அதில் மில்லி இல்லை, ஷேடு மட்டும் இருந்தது. அரக்கு, நூல் மாதிரி ஒரு கோடு. சாயம் என்று நினைத்தவர் அதை எழுதி வைப்பாரா?

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "நான்தான் சார் எழுதினேன்" என்றேன். "அப்பா எதுவும் சொல்லல. நான் கேக்கவேயில்ல. பதினாலு தடவன்னு எழுதினா பைய எடுத்துருவீங்கன்னு நானா மாத்தி எழுதினேன்."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "நாளைக்கு ஆரம்பிச்சிருந்தா என்னாயிருக்கும் தெரியுமா?" என்றார். பிறகு நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒன்றரை மாதத்தில் அப்படித் திருப்பியது இன்றுதான். என் பக்கம் பார்த்தே பேசிப் பழகியிருந்தார், படித்த பெண் என்று.

"மாரப்பன், இந்தப் பைக்குக் கரண்ட் வெச்சா நோய் அடங்கலாம். இருபது நாள் வெச்சாலும் முப்பத்திரண்டு நாள் வெச்சாலும், மருந்து சேத்தாலும் சேக்காட்டியும், பை இன்னும் சுருங்கும். இப்ப பதினாலு தடவ போறீங்க. அப்புறம் வீட்ட விட்டு வெளிய வர முடியாது. பையக் காப்பாத்தறது அது வேல செய்யறதுக்குத்தான். எடுத்துட்டா பெரிய ஆபரேஷன், வயித்துல வெளிய ஒரு பை, கடைசி வரைக்கும். இது உங்க உடம்பு. அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

நான் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தில் இன்னும் பச்சை இருக்கிறது. வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆயிற்று, சாயம் போகவில்லை.

அப்பா கேட்டார், "போன மாசம் ஒருத்தர் கட்டியிருந்தாருங்க. பாத்தேன். நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுல கோடு நூறு நூறாப் போட்டிருக்காங்க. நெருக்கமாப் போட்டது கெடைக்குங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை அக்கா. விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை ஆபரேஷன் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வெளியே வரும்போது அப்பா சொன்னார், "நீ அன்னிக்கு எந்திரிச்சுக் கடைசி வரிசைக்குப் போயிட்டயா, அதான் கண்ணு, உனக்குப் பை புடிக்காதுன்னு நெனச்சேன். சரி, உனக்காவ கரண்டே வெச்சுக்கலாமுன்னு இருந்தேன்."

எனக்காக. பதினான்கு முறை போய்க்கொண்டு, நோட்டில் எழுதிக்கொண்டு, வாயைத் திறக்காமல், எனக்காக.

இருங்கள். நீங்கள் எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்? காட்டுங்கள். இருநூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து, இருநூற்று எழுபத்தைந்து. அப்படியே. என் அப்பாவுக்கு நான் போட்ட எண்கள் இப்போது உங்கள் மாமனாருக்கு. "அவசரம், லேசாக" கூட எழுதிவிட்டீர்களா?

அந்தத் தாளைக் கொடுங்கள். இல்லை, கொடுங்கள் அக்கா. என்னுடையதையும்.

கிழித்ததற்குக் கோபப்படாதீர்கள். என்னிடம் எழுதாத தாள் ஒன்று இருக்கிறது. குவளை எங்கே? இன்னும் கவரையே பிரிக்கவில்லையா? பரவாயில்லை. இல்லை, உங்கள் வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து வந்து கேட்கும்வரை வைத்திருக்க வேண்டாம். உங்கள் மாமனார் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், காதும் நன்றாகத்தான் கேட்கிறது. சற்று முன்பு டீக்காரரோடு சண்டை போட்டாரே, பார்த்தேன். இந்தக் காலையில் மட்டும் மூன்று முறை எழுந்து போய்விட்டு வந்தார், அதையும் பார்த்தேன்.

நீங்கள் கேட்க வேண்டாம். பேனாவைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நில்லுங்கள், அது போதும். வாருங்கள்.

வணக்கமுங்க தாத்தா. நான் இவங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணு. டாக்டர் எழுதச் சொல்லியிருக்காரு, உங்களையே கேட்டு எழுதணுமுங்க. இன்னிக்குக் காலையில இருந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போனீங்க?